வங்காளதேசத்தின் சூறாவளிப் பாதுகாப்பு அமைப்பு: ஒரு வரலாற்று நோக்கு

1970 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் திகதி இரவு, அக்காலத்திற் கிழக்குப் பாகிஸ்தான் என வழங்கப்பட்ட நிலப்பகுதியின் தென்கரையைச் சூறாவளியொன்று தாக்கியது. கங்கை, பிரமபுத்திரா, மேக்னா ஆகிய பேராறுகள் ஒன்றுகூடிக் கடலிற் கலக்கும் அவ்விடத்தில், அவ்வாறுகள் சுமந்துவந்த வண்டலாலேயே உருவான தீவுகள் பல உள. போலா, ஹத்தியா, மன்பூரா என்பன அவற்றுட் சில. கடல்மட்டத்தினின்றும் சில அடிகளே உயர்ந்த அத்தீவுகளின் மீது, பூரணையை ஒட்டிக் கடற்பெருக்கு உச்சநிலை எய்தியிருந்த வேளையில், சூறாவளியால் உந்தப்பட்ட கடல் ஏறிப் பாய்ந்தது. அவ்வழிவில் மாண்டோர் தொகை மூன்று இலட்சம் முதல் ஐந்து இலட்சம் வரை எனப் பலவாறாக மதிப்பிடப்பட்டுள்ளது. தஜுமுத்தீன் என்னும் ஒரு நிருவாகப் பிரிவில் மட்டும் அங்கு வாழ்ந்த 1,67,000 மக்களுள் 45 வீதத்தினர் அழிந்தனர்.

இத்துணைப் பேரழிவுக்கு எச்சரிக்கை கிடைக்காமையே காரணம் என எண்ணத் தோன்றும். ஆயின் சான்றுகள் வேறு கூறுகின்றன. விரிகுடாவிற் சூறாவளி உருவாகியமை செய்மதிப் படங்களின் வாயிலாக முன்னரே அறியப்பட்டிருந்தது. வானொலி அபாய அறிவிப்புகளை ஒலிபரப்பியது. அழிவின் பின்னர் அப்பகுதியை ஆராய்ந்தோர், மக்களுள் 90 வீதத்துக்கு மேற்பட்டோர் சூறாவளி வருவதை அறிந்திருந்தனர் என்றும், உறுதியான கட்டடங்களை நாடிச் சென்றோர் ஏறத்தாழ ஒரு வீதத்தினரே என்றும் கண்டனர். இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியிலேயே வங்காளதேசத்தின் அனர்த்தப் பாதுகாப்பு வரலாறு தொடங்குகின்றது எனலாம். அதன்பின் ஐம்பது ஆண்டுகளில் அந்நாடு இத்துறையிற் செய்தவற்றுட் சிறந்தவையெல்லாம் அவ்விடைவெளியை நிரப்ப எடுத்த முயற்சிகளே.

கேட்டவர்கள் ஏன் அசையவில்லை? மூன்று வாரங்களுக்கு முன்னர், அக்டோபர் மாதத்தில், இதனையொத்த எச்சரிக்கையொன்று விடுக்கப்பட்டது. அப்போது வந்த புயல் அஞ்சிய அளவு தீங்கு விளைவிக்கவில்லை. ஒருமுறை வீணான அச்சம் அடுத்த முறை அலட்சியமாக மாறுவது மனித இயல்பு. அன்றியும், அது நெல்லறுவடைக் காலம். பிற மாவட்டங்களிலிருந்து கூலிக்கு அறுவடை செய்ய வந்தோரும் தீவுகளில் நிறைந்திருந்தனர். விளைந்த கதிரையும் கட்டிய மாட்டையும் விட்டுச் செல்ல உழவன் எளிதில் ஒருப்படான். ஆயினும் இவையனைத்தினும் முதன்மையான காரணம் ஒன்றுண்டு. புறப்படத் துணிந்தவனுக்கும் சென்றடைய ஓர் இடம் இருக்கவில்லை. மூங்கிலும் வைக்கோலும் கொண்டு கட்டிய வீடுகள் நிறைந்த தீவில், கற்கட்டடம் என்பது அரிதாகவே காணப்பட்டது. போகுமிடம் சொல்லாத எச்சரிக்கை அச்சத்தைத் தருமேயன்றிப் பாதுகாப்பைத் தராது.

எச்சரிக்கையின் மொழியும் ஆராயத்தக்கது. அக்கரையில் வழங்கிவரும் சமிக்ஞை முறை துறைமுகங்களுக்கென வகுக்கப்பட்ட பழைய முறை. ஒன்று முதல் பதினொன்று வரையான எண்கள் அதில் உண்டு. எண் உயர உயர ஆபத்தும் உயரும் எனப் பொதுமக்கள் கருதுவது இயல்பு. உண்மையில் ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்று சமிக்ஞைகளும் ஒரே அளவான ஆபத்தையே குறிப்பன. புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதே அவற்றிடையுள்ள வேறுபாடு. எட்டு, ஒன்பது, பத்து ஆகியனவும் அவ்வாறே. நங்கூரமிட்டு நிற்கும் கப்பலின் தலைவனுக்கு இவ்வேறுபாடு பெரிதும் பயன்படும். வயலில் நிற்கும் உழவனுக்கு அது எதனை உணர்த்தும்? பேரரசின் வணிகக் கப்பல்களைக் காக்க எழுந்த ஒரு முறை, அப்பேரரசு நீங்கிய பின்னரும் குடிமக்களுக்கு அறிவிப்புச் செய்யும் மொழியாக நின்றுவிட்டமை, குடியேற்ற ஆட்சியின் எச்சங்களுள் அதிகம் பேசப்படாத ஒன்றாகும்.

இக்கரையின் முன்னைய வரலாற்றையும் சிறிது நோக்குதல் வேண்டும். 1876 ஆம் ஆண்டு அக்டோபர் 31 ஆம் திகதி இரவு பாக்கர்கஞ், நவகாளி, சிட்டகொங் மாவட்டங்களை இதேபோன்ற சூறாவளி தாக்கியது. ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் நீரில் மூழ்கி மாண்டனர். ஏறத்தாழ அதேயளவினர் அடுத்த மாதங்களில் வாந்திபேதிக்குப் பலியாயினர். கடல் கொன்றதற்கு ஈடாக நோய் கொன்றது என்பது நிவாரணத்தின் குறைபாட்டையே காட்டுகின்றது. அக்காலத்தில் வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த சேர் றிச்சட் டெம்பிள் அழிவுற்ற பகுதிகளை நேரிற் பார்வையிட்டார். தப்பியோர் பெரும்பாலும் வீடுகளைச் சூழ்ந்து நின்ற மரங்களாலேயே தப்பினர் என்பது அப்போதே பதிவாகியது. ஆயினும் நிவாரணத்தை அவர் மிகச் சுருக்கமாகவே அனுமதித்தார். களஞ்சியங்களில் நெல் உண்டு, வணிகம் தன் வழியே பசியைத் தீர்க்கும் என்பது அவ்வரசின் துணிபு.

டெம்பிளின் பெயர் தமிழ் மாணவருக்கு வேறோர் இடத்திலும் எதிர்ப்படும். 1874 இல் பீகாரிற் பஞ்சம் ஏற்பட்டபோது தாராளமாகச் செலவிட்டு உயிர்களைக் காத்தமைக்காகக் கண்டிக்கப்பட்டவர் அவர். 1877 இல் சென்னை மாகாணத்துப் பஞ்சத்துக்கு அனுப்பப்பட்டபோது, நிவாரண வேலை செய்வோருக்கு நாளொன்றுக்கு ஒரு றாத்தல் தானியமும் சிறு காசும் போதும் என விதித்து, ‘டெம்பிள் கூலி’ என்னும் அவப்பெயரை விட்டுச் சென்றவரும் அவரே. அப்பெரும் பஞ்சத்தின் விளைவாக 1880 இல் பஞ்ச ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. அதனையொட்டிப் பஞ்சச் சட்டக்கோவைகள் மாகாணந்தோறும் வகுக்கப்பட்டன. பஞ்சத்தின் அறிகுறிகள் யாவை, எந்நிலையில் எவ்வதிகாரி என்ன செய்தல் வேண்டும் என்பனவற்றை எழுத்தில் வரையறுத்த அக்கோவைகள், அனர்த்தத்தை அரசின் ஒழுங்கான கடமையாக ஏற்ற முதல் முயற்சிகளுள் ஒன்று எனலாம். (1943 இல் வங்காளத்திற் பஞ்சம் வந்தபோது அக்கோவை நடைமுறைக்கு அழைக்கப்படவேயில்லை என்பது வேறு கதை.) பஞ்சத்துக்கு ஒரு கோவை கிடைத்தது, சூறாவளிக்கு எதுவும் கிடைக்கவில்லை. பஞ்சம் மெல்ல வருவது, வரியைக் குறைப்பது, ஆகவே ஆட்சியாளரின் கணக்கேட்டில் இடம்பெறுவது. சூறாவளியோ ஓரிரவில் வந்து செல்வது. கடவுளின் செயல் எனக் கருதி அதனை மறந்துவிடுவது எளிதாயிற்று.

இந்நிலை 1947 இன் பின்னரும் பெரிதும் மாறவில்லை. 1960 அக்டோபரில் இரு சூறாவளிகள் அடுத்தடுத்துத் தாக்கியதன் பின், ஐக்கிய அமெரிக்காவின் சூறாவளி நிபுணரான கோர்டன் டன் என்பவர் பாகிஸ்தான் அரசின் வேண்டுகோளின்படி ஆராய்ந்து 1961 இல் அறிக்கை ஒன்றைச் சமர்ப்பித்தார். அதன்பின் பத்தாண்டுகளில் எச்சரிக்கைச் சேவை ஓரளவு திருந்தியது. தீவுகளிற் புகலிடங்களோ போதியளவு எழவில்லை.

இவற்றின் பயனை 1970 இன் உடல்கள் காட்டின. டாக்காவிலிருந்த கொலரா ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மருத்துவர்களான அல்பிரட் சொமர், வைலி மொஸ்லி ஆகியோர் அழிவுக்குப் பிந்திய வாரங்களில் விரிவான கணிப்பீடு ஒன்றை நடத்தினர். மாண்டோருள் அரைப்பங்குக்கு மேற்பட்டோர் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர் என்றும், மக்கட்டொகையில் அவ்வயதினர் மூன்றிலொரு பங்கினரே என்றும் அவர்கள் கண்டனர். தப்பியோருள் வலிமை வாய்ந்த ஆண்களே மிகுதி. அவர்களுட் பலருடைய மார்பிலும் கைகளின் உட்புறத்திலும் தொடைகளிலும் தோல் உரிந்த ஒரேவகைக் காயங்கள் காணப்பட்டன. அலைகள் இழுத்தபோது மணிக்கணக்காக மரத்தைக் கட்டிப் பிடித்திருந்தமையால் உண்டான காயங்கள் அவை. 1876 இலும் மரம், 1970 இலும் மரம். இடையில் ஏறத்தாழ நூறாண்டுகள். அந்நூறாண்டுகளில் இரு அரசுகள் அக்கரையை ஆண்டன. இரண்டும் அம்மக்களுக்கு மரத்தினும் சிறந்த புகலிடம் ஒன்றைத் தரவில்லை. மரத்தைப் பற்றிக்கொள்ளும் வலு இல்லாத சிறுவரும் பெண்களும் முதியோரும் இறந்தனர்.

இதன் அரசியல் விளைவு பலரால் எடுத்துக் கூறப்பட்டுள்ளது. சனாதிபதி யஹ்யா கான் சீனாவிலிருந்து திரும்பும் வழியில் டாக்காவில் தங்கி, அழிவுற்ற பகுதிகளை விமானத்திலிருந்து பார்வையிட்டுச் சென்றார். மீட்புக்கு வேண்டிய ஹெலிகொப்டர்கள் மேற்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து சேரவில்லை. இந்தியா தன் வான்வழியைத் தரவில்லை என அரசு கூறிற்று. இந்தியா அதனை மறுத்தது. மௌலானா பாஷானி கரையோரத்தைச் சுற்றிப் பார்த்துவந்து மத்திய அரசை வன்மையாகச் சாடினார். டிசம்பர் 7 ஆம் திகதி நடைபெற்ற பொதுத்தேர்தலிலும், சூறாவளியாற் பிற்போடப்பட்டு 1971 சனவரி 17 இல் நடைபெற்ற தொகுதிகளின் தேர்தலிலுமாகக் கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளுள் 160 ஐ ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் கைப்பற்றியது. ஒரு சூறாவளி ஒரு நாட்டைப் பெற்றெடுத்தது என்று சிலர் எழுதுவர். இக்கூற்று வரலாற்றை மிக எளிதாக்கிவிடுகின்றது. மொழிப் போராட்டம் 1952 ஐச் சேர்ந்தது; ஆறு அம்சக் கோரிக்கை 1966 ஐச் சேர்ந்தது; அயூப் கானை வீழ்த்திய கிளர்ச்சி 1969 இல் நிகழ்ந்தது. சூறாவளி புதிய மனக்குறை எதனையும் உண்டாக்கவில்லை. அதுவரை பொருளியல் அட்டவணைகளாலும் மேடைப் பேச்சுகளாலும் நிறுவப்பட்டுவந்த புறக்கணிப்பை, கண்ணாற் காணத்தக்க சான்றாக்கிக் காட்டியது. அவ்வளவே அதன் பங்கு, அப்பங்கும் சிறிதன்று.

1971 டிசம்பரிற் போர் முடிந்து வங்காளதேசம் தனிநாடாகியபோது, அதன் பாலங்களும் புகையிரதப் பாதைகளும் சிதைந்து கிடந்தன. இந்தியாவிற் புகலடைந்திருந்த மக்கள் மீண்டுகொண்டிருந்தனர். இந்நிலையில் அந்நாடு கரையோரப் பாதுகாப்பைப் பற்றிச் சிந்தித்தது என்பதே வியப்புக்குரியது. 1972 இற் செஞ்சிலுவைச் சங்கங்களின் கழகமும் வங்காளதேசச் செஞ்சிலுவைச் சங்கமும் இணைந்து சூறாவளி ஆயத்தத் திட்டத்தைத் தொடங்கின. 1973 இல் அரசும் அதிற் பங்காளியாயிற்று. இன்றும் அது அரசுக்கும் சங்கத்துக்கும் பொதுவான திட்டமாகவே இயங்குகின்றது. (சங்கம் 1988 இற் செம்பிறைச் சங்கம் எனப் பெயர் மாறியது.) தொடக்கத்தில் அதன் தொண்டர் தொகை இருபதாயிரத்தைச் சற்றே தாண்டியது.

இத்திட்டத்தின் சிறப்பு அதன் எளிமையிலேயே தங்கியுள்ளது. ஏறத்தாழ இரண்டாயிரம் அல்லது மூவாயிரம் மக்களுக்கு ஓர் அலகு. அவ்வலகின் தொண்டர்கள் அவ்வூரிலேயே வாழ்வோர், ஊதியம் பெறாதோர். எச்சரிக்கை செய்தல், புகலிடத்துக்கு இட்டுச்செல்லல், மீட்டல், முதலுதவி, நிவாரணம் எனப் பணிகள் அவர்களிடையே பகுக்கப்பட்டன. கருவிகள் ஒரு திரான்சிஸ்டர் வானொலி, ஒரு கையொலிபெருக்கி, கையாற் சுழற்றும் சைரன், துவிச்சக்கரவண்டி, மழையங்கி, கொடிகள். டாக்காவிலுள்ள தலைமை அலுவலகம் கம்பியில்லாத் தந்தி வலையமைப்பால் கரையோர அலுவலகங்களுக்குச் செய்தி அனுப்பும். அங்கிருந்து ஊர்த் தொண்டருக்கு அது சென்றடையும். பதினொரு சமிக்ஞைகளின் குழப்பத்தைத் தொண்டர்கள் மூன்று கொடிகளாகச் சுருக்கினர். ஒரு கொடி ஏறினால் விழிப்பாயிருத்தல் வேண்டும், இரண்டு ஏறினால் ஆயத்தமாதல் வேண்டும், மூன்று ஏறினால் புறப்படுதல் வேண்டும். வானிலை அறிஞரின் அளவு நுட்பம் இதில் இல்லை. ஆயின் எழுத்தறியாதவனும் தூரத்தே நின்று எண்ணத்தக்கது இது.

இங்கு ஒரு சமூக உண்மை உணரத்தக்கது. வானொலியில் ஒலிக்கும் குரல் எவருடையது என்பது கேட்போனுக்குத் தெரியாது. அது பொய்த்தால் அதனிடம் கேள்வி கேட்க வழியுமில்லை. வாயிலில் வந்து நிற்பவனோ அடுத்த வீட்டானின் மகன், பள்ளிக்கூட ஆசிரியன், தேநீர்க்கடைக்காரன். அவனே தன் தாயையும் பிள்ளைகளையும் முதலிற் கொண்டுபோய்ப் புகலிடத்தில் விட்டுவிட்டு வந்து அழைக்கிறான். புயல் வராது போயினும் மறுநாளும் அவன் அவ்வூரிலேயே முகங்கொடுத்து வாழ்தல் வேண்டும். 1970 இல் கேட்ட எச்சரிக்கைக்கும் 1973 இன் பின் கேட்ட எச்சரிக்கைக்கும் உள்ள பெரும் வேறுபாடு இதுவே. இதனை எந்தச் செய்மதியும் தந்திருக்க முடியாது.

முஜிபின் அரசு கால்நடைகளையும் மறக்கவில்லை. உயர்ந்த மண்மேடுகள் பல கட்டப்பட்டன. ‘முஜிப் கில்லா’ என மக்கள் அவற்றை வழங்கினர். கில்லா என்பது கோட்டை. மாட்டை விட்டு வரமாட்டேன் என்பவனுக்கு மாட்டுக்கும் இடமுண்டு எனச் சொல்லக்கூடிய விடை அது. அவற்றுட் பல பின்னர் பராமரிப்பின்றிச் சிதைந்தன.

எனினும் தொண்டர் மட்டும் போதார் என்பதை அடுத்த இரு அழிவுகள் உணர்த்தின. 1985 மே மாதத்தில் ஊரிர்ச்சர் என்னும் புதிய வண்டல்தீவைத் தாக்கிய சூறாவளியில் ஏறத்தாழ 11,000 பேர் இறந்தனர். அங்கு வாழ்ந்தோர் பெரும்பாலும் நிலமற்றோர். வண்டல் படிந்து புதுநிலம் தலைகாட்டியதும் அதனைப் பற்றிக்கொள்ள விரைந்தோர் அவர்கள். அம்மக்கள் ஏன் இத்தகைய இடத்திற் குடியேறுகின்றனர் எனப் பிறநாட்டார் வினவுவதுண்டு. வேறெங்கும் அவர்களுக்கு நிலம் இல்லை என்பதே விடை. நிலவுடைமைச் சிக்கலைத் தீர்க்காத நாடு, அதன் விளைவுகளை ஒலிபெருக்கியால் எதிர்கொள்ள வேண்டியதாயிற்று.

1991 ஏப்ரல் 29 ஆம் திகதி இரவு சிட்டகொங் கரையைத் தாக்கிய சூறாவளி இதனினும் கொடியது. எச்சரிக்கை உரிய வேளையிலே சென்றது. மிகப் பெரிய அபாயச் சமிக்ஞையான பத்தும் ஏற்றப்பட்டது. தொண்டர்கள் ஊரூராகச் சென்றனர். அவ்வாறாயினும் ஏறத்தாழ 1,38,000 பேர் மாண்டனர். சந்தீப், குதுப்தியா, பான்ஷ்காளி ஆகிய இடங்கள் பெரிதும் அழிந்தன. வளைகுடாப் போரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்கக் கடற்படைப் பிரிவொன்று திசை திருப்பப்பட்டு மே மாத நடுவில் நிவாரணப் பணியில் இறங்கியது. இவ்வழிவின் பின் நடத்தப்பட்ட ஆய்வொன்று ஒரு தெளிவான உண்மையை முன்வைத்தது. ஆராயப்பட்ட 1,123 பேருள், கல்லாலோ கொங்கிறீற்றாலோ ஆன கட்டடத்தை அடைந்தவர் அனைவரும் உயிர் பிழைத்திருந்தனர். அடையாதோருள் ஏறத்தாழ 22 வீதத்தினர் இறந்திருந்தனர். இதனினும் தெளிவாக எந்தப் பொறியியலாளனும் கட்டடத்தின் பயனை நிறுவியிருக்க முடியாது.

அதே ஆய்வு இன்னொன்றையும் கூறியது. பத்து வயதுக்குட்பட்ட சிறுவருள் 26 வீதத்தினரும், நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுள் 31 வீதத்தினரும் மாண்டிருந்தனர். கணவனின் சொல்லின்றி வீட்டை விட்டு வெளியேறத் தயங்கியமை, பிள்ளைகளைச் சுமந்து ஓட நேர்ந்தமை, நனைந்த சேலை நீந்த விடாமற் காலைச் சுற்றியமை, ஆண்கள் நெருங்கி நிற்கும் ஒரே மண்டபத்தில் இரவைக் கழிக்க நாணியமை எனக் காரணங்கள் பல சுட்டப்பட்டன. தொண்டர் படையும் ஏறத்தாழ முழுவதும் ஆண்களாகவே இருந்தது. அயல் ஆணொருவன் வாயிலில் நின்று அழைக்கும் செய்தி, முகத்திரைக்குப் பின்னிருக்கும் பெண்ணை அடைவதற்கு முன்னர் இன்னோர் ஆணின் அனுமதியைக் கடக்க வேண்டியிருந்தது. நம்பிக்கைக்குரிய அண்டைவீட்டான் என்னும் அமைப்பின் வலிமையே இங்கு அதன் எல்லையாகவும் நின்றது. பின்னர் அலகொன்றுக்குப் பதினைந்து தொண்டர் என்றும் அவருள் ஐவர் பெண்கள் என்றும் விதி மாறியது. அண்மைய ஆண்டுகளிலே 76,000 ஐத் தாண்டிய தொண்டருள் அரைப்பங்கினர் பெண்களாயினர். இம்மாற்றத்துக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சென்றன என்பதும் மறக்கத்தக்கதன்று.

1991 இன் பின்னர், பேராசிரியர் ஜமிலூர் ரேசா சௌதுரியின் தலைமையில் டாக்காவின் பொறியியற் பல்கலைக்கழகமும் வளர்ச்சி ஆய்வு நிறுவனமும் சேர்ந்து பல்நோக்குப் புகலிடங்களுக்கான பெருந்திட்டமொன்றை வகுத்தன. தூண்களின் மீது உயர்ந்து நிற்கும் கட்டடம். கீழ்த்தளம் வெறுமையாக இருப்பதால் கடல்நீர் அதனூடே பாய்ந்து செல்லும். சாதாரண நாட்களில் அது பாடசாலை. இவ்விணைப்பு மிக்க அறிவுடையது. பத்தாண்டுக்கு ஒருமுறை பயன்படும் கட்டடம் பூட்டிக்கிடந்து பாழாகும், திறப்பு எவரிடம் என்பதும் தெரியாதுபோகும். நாள்தோறும் பிள்ளைகள் செல்லும் கட்டடத்தின் வழி இருளிலும் கால்களுக்குத் தெரியும்.

நிருவாக ஏற்பாடுகளும் இக்காலத்திலேயே உருப்பெற்றன. 1993 இல் அனர்த்த முகாமைத்துவப் பணியகம் நிறுவப்பட்டது. 1997 இல் வெளியான நிலையியற் கட்டளைகள் பிரதமர் தலைமையிலான தேசிய சபை முதல் அடிமட்ட யூனியன் குழு வரை ஒவ்வொருவரின் கடமையையும் வரையறுத்தன. அனர்த்த முகாமைத்துவச் சட்டம் 2012 இலேயே நிறைவேறியது. துவிச்சக்கரவண்டி 1972 இல் வந்தது. சட்டம் நாற்பது ஆண்டுகள் கழித்து வந்தது. இவ்வரிசை முறையை இலங்கையோடு ஒப்புநோக்குதல் பொருத்தமானது, ஏனெனில் நம் கிழக்குக் கரையும் அதே விரிகுடாவின் கரையே. 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். எனினும் நிலையான அமைப்பு எதுவும் அதன்வழித் தோன்றவில்லை. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை 35,000 க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டபின், 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் சில மாதங்களிலேயே நிறைவேறியது. அங்கே ஊரிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சட்டத்தை அடைந்தனர்; இங்கே சட்டத்திலிருந்து தொடங்கி ஊரை நோக்கி இறங்க வேண்டியதாயிற்று. இரண்டாவது வழி கடினமானது. திணைக்களத்தை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் உண்டாக்கலாம். அயலவனின் சொல்லில் வைக்கும் நம்பிக்கையை அவ்வாறு உண்டாக்க முடியாது.

2007 நவம்பர் 15 இல் வந்த சிட்ர் சூறாவளி இவ்வமைப்பின் பெரும் தேர்வாயிற்று. வலிமையில் அது 1991 இன் புயலுக்குப் பெரிதும் குறைந்ததன்று. ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். இறந்தோர் ஏறத்தாழ 3,400 பேர். சுந்தரவனக் காடுகள் அலையின் வேகத்தை ஓரளவு தாங்கின என்பதையும் சொல்லியாக வேண்டும். புகழ் முழுவதையும் மனிதருக்கே கொடுத்தல் நேர்மையாகாது. இங்கும் 1970 இன் நிழல் படிந்திருந்தது. இரு மாதங்களுக்கு முன்னர், செப்டெம்பரில், சுமாத்திராவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தை அடுத்து ஆழிப்பேரலை எச்சரிக்கை விடுக்கப்பட்டு மக்கள் வீணே வெளியேறியிருந்தனர். அதனை நினைந்து சிட்ர் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது இருந்தோர் இறந்தோருள்ளும் இருந்தனர். நம்பிக்கை ஒருமுறை ஈட்டினால் என்றும் நிற்கும் செல்வமன்று என்பதற்கு இது சான்று.

இதுவரை கூறியவை உயிர்காத்தலின் வரலாறு. அழிவுக்குப் பின் வாழ்வை மீட்டலின் வரலாறு இத்துணைப் பெருமைக்குரியதன்று. 1960 களில் கரையோர அணைத்திட்டத்தின் கீழ் தென்மேற்குக் கரையின் நிலங்களைச் சுற்றி மண்ணணைகள் கட்டப்பட்டன. அன்றாடக் கடற்பெருக்கையும் உவர்நீரையும் தடுத்து நெல் விளைவிப்பதே அவற்றின் நோக்கம்; சூறாவளியின் பேரலையைத் தாங்க அவை அமைக்கப்படவில்லை. 1980 களின் பின் இறால் வளர்ப்பு இலாபம் தரும் தொழிலாகியபோது, செல்வாக்குள்ளோர் அவ்வணைகளைத் துளைத்துக் குழாய் பதித்து உவர்நீரை உள்ளே விட்டனர். உவர்நீரைத் தடுக்க எழுந்த அணையே உவர்நீர் புகும் வாயிலாயிற்று. 2009 மே 25 இல் ஐலா சூறாவளி வந்தபோது இவ்வணைகள் பல இடங்களில் உடைந்தன. வங்காளதேசத்தில் இறந்தோர் ஏறத்தாழ 190 பேர். பழைய எண்களோடு ஒப்பிட்டால் இது வெற்றியே. ஆயின் குல்னா, சத்கீரா மாவட்டங்களின் கொய்ரா, தாகோப், ஷ்யாம்நகர் முதலிய பகுதிகளிற் கடல் நாளுக்கு இருமுறை ஊருக்குள் வந்து சென்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அணையின் முகட்டிலேயே குடிசை கட்டி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தன. வயல் உவராகியது; குடிநீர்க் குளம் உவராகியது; ஆண்கள் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றனர்.

உயிர்காக்கும் பணிக்குத் தொண்டர் உளர், கொடி உண்டு, குறித்த நேரமும் உண்டு. உடைந்த அணையைக் கட்டும் பணிக்கு ஒப்பந்தகாரர், நிதியாண்டு, அதிகாரிகளின் ஒப்புதல் ஆகியனவே உண்டு. முதற்பணியில் ஊரவர் அமைப்பின் உறுப்பினர்; இரண்டாம் பணியில் அவர்கள் மனுதாரர். தொண்டர் படையை உருவாக்கிய அரசு, அணையைக் காக்க அதுபோன்ற ஊரமைப்பு ஒன்றை உருவாக்காமை இவ்வரலாற்றின் பெருங்குறை. இறந்தோர் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒரு நாட்டின் ஆயத்தத்தை அளப்போர் இதனைக் காணத் தவறுவர். பிழைத்தவன் எதனைக் கொண்டு பிழைத்திருப்பான் என்னும் வினா அவர்களின் அட்டவணையில் இடம்பெறுவதில்லை.

2020 மே 20 இல் அம்பான் சூறாவளி அதே தென்மேற்குக் கரையை நெருங்கியது. கொள்ளை நோய்க் காலமாதலால் மக்களை நெருக்கமாகத் தங்கவைத்தல் தவிர்க்கப்பட வேண்டியிருந்தது. பாடசாலைகளும் கல்லூரிகளும் மேலதிகப் புகலிடங்களாகத் திறக்கப்பட்டன. ஏறத்தாழ 24 இலட்சம் மக்களும், அவர்களோடு ஏறத்தாழ ஐந்து இலட்சம் கால்நடைகளும் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. வங்காளதேசத்தில் இறந்தோர் சில பத்துப் பேரே. அணைகளோ ஐலாவின்போது உடைந்த அதே பகுதிகளில் மீண்டும் உடைந்தன. ஐந்து நாட்களின் பின் நோன்புப் பெருநாள் வந்தது. அது மே 25, ஐலா வந்த அதே திகதி. ஆண்டுகள் பதினொன்று கழிந்திருந்தன. அன்று கொய்ராவில் ஆயிரக்கணக்கானோர் உடைந்த அணையைத் தம் கைகளால் மண்ணிட்டு அடைக்கக் கூடினர். தொழுகைக்கு உலர்ந்த நிலம் இல்லாமையால், முழங்காலளவு உவர்நீரில் வரிசையாக நின்று பெருநாள் தொழுகையை நிறைவேற்றிவிட்டு, மீண்டும் மண் சுமக்கச் சென்றனர்.